கல்சுபாய்: கடைசி ஏணிக்கு முன்பு வரை

மகாராஷ்டிரத்திலேயே உயரமான சிகரம் கல்சுபாய். 1646 மீட்டர். மும்பையிலிருந்து இரவு கிளம்பி, விடிவதற்குள் ஏறி, மறுநாள் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர் போனோம். வழி கேட்டுச் சிலர் எழுதியிருந்தார்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு. அதற்காக மட்டும்தானா என்றால், இல்லை.

கூட வந்தவர்களில் ஒருவன் செல்வின். தாராவியில் ஒரே சாலில், அதாவது வரிசைக் குடியிருப்பில், அடுத்தடுத்த அறைகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். கல்யாணத்துக்குப் பிறகு நான் செம்பூருக்கு வந்துவிட்டேன், அவன் அங்கேயே இருக்கிறான். எந்த மலைக்குப் போவதென்றாலும் முடிவு செய்கிறவன், முன்னால் நடக்கிறவன் எல்லாம் அவன்தான். கல்சுபாய்க்கு மட்டும் ஐந்து முறை போயிருக்கிறான். இன்னொருவர் ராம்கி. மாட்டுங்காக்காரர், செல்வினோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அவருக்கு இதுதான் முதல் மலை.

தாதரில் கடைசி கசாரா லோக்கலைப் பிடித்தோம். சனிக்கிழமை என்றால் அதில் பாதிப் பெட்டி மலையேறுகிறவர்கள்தான். உட்கார இடம் கல்யாணுக்குப் பிறகே கிடைத்தது. கசாரா போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி ஆகப்போகிறது. ஸ்டேஷனுக்கு வெளியே ஜீப்புகள் நிற்கும். தனியாகப் பேசினால் அதிகம் கேட்பார்கள். தானேயிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள் ஐந்து பேரோடு சேர்ந்துகொண்டோம், ஆளுக்கு முந்நூற்றைம்பது ரூபாய். மலையடிவாரத்தில் இருக்கும் பாரி கிராமம் வரை ஒன்றரை மணி நேரம். மேலே காற்று பலமாக அடிக்கிறது, பார்த்துப் போங்கள் என்று டிரைவர் இந்தியில் சொன்னார்.

"நாம பாக்காத காத்தா," என்றான் செல்வின்.

பாரியிலிருந்து நாலரைக்கு ஏற ஆரம்பித்தோம். முதலில் வயல்வரப்பு, பிறகு கல்படிகள். உச்சிவரை ஆறரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சூரியன் ஏழு மணி சுமாருக்கே உதித்துவிடும் என்பதால் நின்று நின்று போனால் பிடிக்க முடியாது. செங்குத்தான இடங்களில் பாறையோடு சேர்த்து இரும்பு ஏணிகள் போட்டிருக்கிறார்கள். ஏணி என்றாலும் இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு, ரயில்வே பாலத்துப் படியைத் தூக்கி நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். படிகளுக்கு நடுவே இடைவெளி. டார்ச் அடித்தால் அதன் வழியே கீழே ஒன்றுமில்லாதது தெரியும்.

முதல் இரண்டு ஏணிகளிலும் செல்வின் பேசாமல் ஏறினான். களைப்பு என்று நினைத்தேன். கடைசி ஏணிக்கு வந்தபோது ராம்கி எங்களை முந்திக்கொண்டு மேலே போய்விட்டார். அடுத்து செல்வின், அவனுக்குக் கீழே நான். பாதி ஏணியில் அவன் நின்றுவிட்டான். காற்றுக்காக நிற்கிறான் என்று நானும் நின்றேன். அவன் நகரவில்லை. எனக்குப் பின்னால் இருந்த பிள்ளைகள் "சலோ அங்கிள், சலோ" என்று குரல் கொடுத்தார்கள். டார்ச்சை உயர்த்திப் பார்த்தேன். இரண்டு கைகளாலும் கைப்பிடியைக் கட்டிப்பிடித்து, இரும்பில் நெற்றியை வைத்திருந்தான். உடம்பு முழுக்க நடுங்கியது.

"ஏல செல்வின், என்னல?"

"முடியலல இசக்கி. கீழ விழுந்துருவேன்."

பின்னால் வந்தவர்களை இறங்கச் சொன்னேன். அவன் குதிகாலைப் பிடித்துக் கீழ்ப்படியில் வைத்தேன். பிறகு அடுத்த கால். "நான் கீழ இருக்கேம்ல, என் மேலதான் விழுவ" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கால்மணி நேரம் ஆகியிருக்கும், தரைக்கு வந்தோம். பாறை மறைவில் உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தான். நாற்பது வருடப் பழக்கத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை.

"ஒரு வருஷமாச்சுல," என்றான். "மொதல்ல தாதர் பிரிட்ஜுல கூட்டத்துல நிக்கையில வந்துச்சு. கை காலு மரத்துரும். இப்பமே செத்துருவேன்னு தோணும்."

"டாக்டர்ட்ட போனியா?"

"போயி என்னன்னு சொல்ல?"

"பொறவு எதுக்குல இங்க வந்த?"

"ராம்கி ஆறு மாசமா கூப்பிடுதாரு. எத்தன நாளைக்குத்தான் சாக்கு சொல்ல?" முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அவர்ட்ட சொல்லிராதல. ஜான்சிக்கும் தெரிய வேண்டாம்."

ஜான்சி அவன் மனைவி. சொல்ல மாட்டேன் என்றேன். என் ஸ்வெட்டரையும் அவன் மேல் போர்த்தினேன். கிழக்கே வெளுத்தது. சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும், மேலே இருந்தவர்கள் கூவியது கேட்டது. எங்களுக்கு வெளிச்சம் மட்டும் வந்தது.

எட்டு மணி வாக்கில் ராம்கி இறங்கி வந்தார். "ஏன்டா, ரெண்டு பேரும் வரவே இல்லை? மேலே எவ்வளவு நேரம் தேடினேன் தெரியுமா?"

நான் வாய் திறப்பதற்குள் செல்வின் எழுந்து நின்றான். "இசக்கிக்குப் பயம் புடிச்சிட்டு. ஏணியில அப்படியே நின்னுட்டான். தனியா விட்டுட்டு வர முடியுமா?"

"நீயா?" என்று ராம்கி என் முதுகில் தட்டினார். "சரி விடுடா. சில பேருக்கு உயரம் ஒத்துக்காது."

நான் செல்வினைப் பார்த்தேன். அவன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கால் பிசகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். தலை சுற்றியது என்று சொல்லியிருக்கலாம். எதைச் சொன்னாலும் ஆமாம் போட நான் தயாராகத்தான் இருந்தேன்.

பாரியில் ஒரு வீட்டில் பாக்ரியும் பிட்லாவும் சாப்பிட்டோம். கம்பு ரொட்டியும் கடலைமாவுக் குழம்பும், தட்டு நூறு ரூபாய், வயிறு நிறையும். நான் பாதியோடு எழுந்துவிட்டேன். கசாரா ஸ்டேஷனில் பாலம் ஏறும்போது ராம்கி கேட்டார், "கையைப் பிடிச்சுக்கட்டுமா, இசக்கி?" செல்வின் சிரித்தான். அவன் சொன்ன பொய்யைக்கூட என்னால் தாங்க முடிந்தது.

இரண்டு நாள் கழித்து ஜான்சி போன் செய்தாள்.

"அண்ணே, இப்பம் எப்படி இருக்கிய? ஏணியில பயந்துட்டியளாமே."

"இப்பம் பரவால்லம்மா."

"இவிய உங்க கூடயே உக்காந்துட்டாவளாம். சூரியன்கூடப் பாக்கலையாம். இவிய அப்படித்தான் அண்ணே, யாரையும் பாதியில விட்டுட்டு வர மாட்டாவ."

"ஆமாம்மா," என்றேன்.

அதற்குப் பிறகு செல்வினும் ராம்கியும் இரண்டு முறை மலைக்குப் போயிருக்கிறார்கள். சின்ன மலைகள், ஏணி இல்லாதவை. ராம்கியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். செல்வின் என் போனை எடுப்பதில்லை. வெட்கம், சில வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ராம்கியிடம் அவனால் பழையபடி இருக்க முடிகிறது. என் முகத்தைப் பார்த்தால் அவனுக்கு அந்த ஏணி ஞாபகம் வரும். எனக்கு இது புரியாமல் இல்லை. புரிந்து என்ன ஆகப்போகிறது?

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மழைக்காலத்தில் ஏணிகள் வழுக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. டார்ச்சைத் தலையில் மாட்டிக்கொள்ளுங்கள், இரண்டு கையும் வேண்டியிருக்கும். உச்சியில் காற்று அதிகம், ஒரு ஸ்வெட்டர் போதாது. கடைசி லோக்கல் நேரத்தைக் கிளம்பும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஏணியில் யாராவது நின்றுவிட்டால் மேலேயிருந்து இழுக்காதீர்கள், சத்தம் போடாதீர்கள். அவருக்குக் கீழே நின்று, காலைப் பிடித்துப் படியில் வையுங்கள். இறங்கிவிடலாம்.

உச்சியில் ஒரு சிறிய அம்மன் கோயில் இருக்கிறதாம். நான் பார்க்கவில்லை.

இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். செல்வினுக்காக இல்லை, அவன் முனிசிபல் பள்ளியில் இந்தியில் படித்தவன், தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ராம்கி ஆங்கிலம் தவிர வேறு எதையும் வாசிக்க மாட்டார். ஜான்சி ஊரில் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள். அவர்களில் இதை வாசிக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான்.