பதினொரு தடவை அறுந்த அழைப்பு

கண்டியில் முப்பத்தொரு வருஷம் அரசாங்க எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற பத்மாதேவி, குண்டசாலையில் தனியாக இருந்தார். கணவர் நவரட்ணராஜா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒரே மகன் றமணன் கனடாவில். செத்தவீட்டுக்கு அவன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றான்.

கனடாவுக்குப் போகுமுன் தன் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டு அம்மாவுக்குக் கொடுத்திருந்தான். ஞாயிறு மாலை ஆறரைக்கு அதில் அழைப்பான். பத்து நிமிஷம் போகுமுன் அழைப்பு அறுந்துவிடும். பிறகு ஒரு செய்தி வரும்: "உங்கட வைஃபை சரியில்லை அம்மா. அடுத்த கிழமை கதைப்பம்."

பிழை தன் வீட்டில் என்றே பத்மாதேவி நம்பினார். அலுமாரிக்குப் பின்னால் இருந்த ரவுட்டரை எடுத்து மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். இணைப்புக் கொடுத்த நிறுவனத்திலிருந்து வந்தவர் லைன் நல்லது, மெஷினில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனார். பத்மாதேவி கணினியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் கண்டி டவுனுக்குப் போனார்.

கணினிக் கடைக்காரர் சுதேஷ் திறந்து பார்த்துவிட்டு, "விண்டோஸ் போட்டுருவோம்மா, லினக்ஸ்ல இந்தத் தொல்லை வரத்தான் செய்யும்" என்றார்.

"வேண்டாம். மகன் போட்டுத் தந்தது."

கடைசியில் அடுத்த வீட்டு அஸீமாதான் வந்து உட்கார்ந்தாள். பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறவள். எப்போதெல்லாம் வைஃபை அறுந்தது என்று கணினி தானாகவே பதிந்து வைத்திருக்கும் என்றாள். கறுப்புத் திரையில் ஒரு கட்டளையை அடித்ததும் திகதியும் நேரமுமாக வரிகள் ஓடின.

"பெற்றறி சார்ஜ மிச்சம் பிடிக்க வைஃபை கார்ட் இடைக்கிடை தூங்கிப் போகுது ஆன்ட்டி. அதுதான் கட்டாகுது. அத நிப்பாட்டினாச் சரி."

அமைப்புக் கோப்பில் ஒரு எண்ணை மாற்றிவிட்டுக் கணினியை அணைத்துத் திரும்பப் போட்டாள். இரண்டு நாள் விடாமல் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒருதரமும் அறவில்லை.

பத்மாதேவிக்கு அலுவலகப் பழக்கம் விடவில்லை. அழைப்பு அறுந்த ஒவ்வொரு தடவையும் திகதி, நேரம், கடைசியாக என்ன கதைத்தோம் என்று கொப்பியில் எழுதி வந்திருந்தார், அடுத்த கிழமை விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்று. அஸீமா எடுத்துக் கொடுத்த வரிகளைக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்று மாதத்தில் அழைப்பு அறுந்தது பதினொரு தடவை. அதில் கணினியின் பதிவில் இருந்தது நாலுதான். மற்ற ஏழு நேரத்திலும் வைஃபை ஒழுங்காக வேலை செய்திருக்கிறது.

அந்த ஏழுக்கும் எதிரே தன் கையெழுத்தை வாசித்தார். ஏழிலும் ஒரே விஷயம்: அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு வருவாயா.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அவனுடைய லைன் போயிருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஏழு தரமும், அதே கேள்விக்கா? முப்பத்தொரு வருஷம் மற்றவர்களின் பொய் லீவுக் கடிதங்களை வாசித்த மனுஷி. அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

ஞாயிறு ஆறரைக்கு றமணன் திரையில் வந்தான். படம் தெளிவாக இருந்தது. குளிர், வேலை, வீட்டு வாடகை என்று கதைத்தான். பத்மாதேவி கேட்டார்:

"திவசம் வாற மாசம் பன்னிரண்டாம் திகதி தம்பி. வாறியா?"

"அம்மா... குரல் விட்டு விட்டுக் கேக்குது. உங்கட வைஃபை—"

"வைஃபை திருத்தியாச்சு. கொப்பியும் பாத்திட்டன். வைக்கிறதெண்டால் வைக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு வை."

திரையில் அவன் முகம் அசையாமல் இருந்தது. படம் உறைந்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தார். அவன் கண் இமைத்தது.

"அங்க வந்து, அப்பா இல்லாத வீட்டில நான் என்னத்தைச் செய்யிறது அம்மா?" என்றான்.

"நான் இருக்கிறன்" என்றார் பத்மாதேவி.

றமணன் "வைக்கிறன்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

திவசத்துக்குக் காசு வந்தது, அவன் வரவில்லை. அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருமுறைதான் அழைத்தான். பத்மாதேவி காலநிலையை மட்டும் விசாரித்தார்.

ஒருநாள் மதிலுக்கு அப்பாலிருந்து அஸீமா கேட்டாள்: "இப்ப கட்டாகாமப் பேச ஏலுமா ஆன்ட்டி?"

"ஓம் பிள்ளை," என்றார் பத்மாதேவி. "ஒருக்காலும் அறுறதில்லை."