ஸ்தானோயேயின் பங்கு

இது இட்டுக்கட்டிச் சொன்ன கதை இல்லை. மொராவா ஆற்றங்கரை இரும்பு வார்ப்பாலையில் நடந்தது. சந்தேகப்படுகிறவர்கள் மிலுங்காவின் இடது பக்கம் நின்று பேசிப் பாருங்கள். அந்தப் பக்கத்துக் காது அன்று காலையோடு போயிற்று.

மிலுங்காவுக்குக் கம்ப்ரெசர் அறையில் வேலை. காற்றை அழுத்தினால் அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகி, காற்றை அடைத்து வைக்கும் தொட்டியின் அடியில் தேங்கும். தினமும் அடிக்குழாயைத் திறந்து வடிக்க வேண்டும். விட்டால் இரும்பைத் துரு தின்னும். ஒருநாள் தொட்டி வெடிக்கும். ஜனவரியில் குழாயே உறைந்துபோகும் என்பதால், மோட்டாரைப் போடுமுன் குழாய்க்குள், எளிதில் உறையாத பிளம் சாராயம் ஒரு கிளாஸ் ஊற்றுவார்கள். ஊற்றும்போது, "ஸ்தானோயே, இது உன் பங்கு" என்பார்கள்.

ஸ்தானோயே அவளுக்கு முன் அங்கே இருந்தவன். துரு சுரண்டத் தொட்டிக்குள் இறங்கியிருந்தபோது, யாரோ மூடியை முடுக்கி மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

அன்று ஊற்றியவர் மேஸ்திரி விதோமிர். சாராய வாடை குழாயிலிருந்து வரவில்லை. அவர் வாயிலிருந்து வந்தது.

"மேஸ்திரி, என்னத்த ஊத்துனீங்க?"

"பச்சைத் தண்ணி. செத்தவனுக்கு எதுக்கும்மா நல்ல சரக்கு? அவனென்ன பாட்டா பாடப் போறான்?"

"குழாய் உறைஞ்சிருமே."

"நீயும் உன் புருஷனும் நல்லா சேர்ந்தீங்க, பயந்தாங்கொள்ளிங்க" என்று அவரே மோட்டாரைப் போட்டார்.

அவள் புருஷன் ஒப்ரென் சுவருக்கு அந்தப் பக்கம், தொட்டியை ஒட்டினாற்போல நின்று, தொட்டிக் காற்றில் மணலடித்து வார்ப்புகளைத் தேய்ப்பவன். சற்று நேரத்தில் அவன் குரல் கேட்டது.

"மிலுங்கா, காத்துல தண்ணி வருதுடி. மணல் கட்டி கட்டியா விழுது."

அவள் அடிக்குழாயைத் திருகினாள். அசையவில்லை. உறைந்திருந்தது.

அப்போதுதான்...

டொக். டொக். டொக்.

தொட்டிக்கு உள்ளேயிருந்து.

"பனிக்கட்டி" என்றார் விதோமிர். அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

டொக். டொக். டொக்.

"நிறுத்துங்க மேஸ்திரி. அந்தப் பக்கம் ஒப்ரென் நிக்கிறாரு."

அவள் கை சுவிட்சுக்குப் போனது. விதோமிர் அவளைப் பிடித்துச் சுவரில் மோதினார். நெற்றி பிளந்து கண்ணில் ரத்தம் இறங்கியது.

"அன்னைக்கும் இப்படித்தான் தட்டுனான், நாயி. தட்டித் தட்டி ஓஞ்சான். இன்னைக்கும் ஓய்வான்."

"அன்னைக்கு நீங்க லீவுன்னு சொன்னீங்களே..."

விதோமிர் சுத்தியலை எடுத்தார். உறைந்த குழாயில் ஓங்கி அடித்தார்.

ணங்.

உள்ளேயிருந்தும்... ணங்.

வெறி பிடித்தவர்போல மறுபடி அடித்தார். உள்ளேயும் அடி விழுந்தது. இன்னும் பலமாக.

தொட்டியின் இரும்பு வெளிப்பக்கமாகப் புடைத்தது. ஒரு முஷ்டி அளவுக்கு.

பக்கத்தில் இன்னொன்று.

இன்னொன்று...

மிலுங்கா சுவருக்கு அந்தப் பக்கம் ஓடினாள். "ஒப்ரென், போட்டுட்டு ஓடியா."

அவன் மணலடிக்கும் குழாயை எறிந்துவிட்டு அவள் கோட்டைப் பிடித்து இழுத்தான். இருவரும் வெளியே பனியில் விழுந்தார்கள்.

வெடித்தது.

சுவர் இல்லை. ஒப்ரென் நின்ற இடமே இல்லை. துருத் தண்ணீர் பனியில் சிவப்பாக ஓடியது. நடுவில் விதோமிர் உயிரோடு கிடந்து அலறினார்.

மணிக்கட்டுக்குக் கீழே வலது கை இல்லை.

பனியைத் தோண்டித் தேடினார்கள். உத்தரத்தில் தேடினார்கள். கிடைக்கவில்லை.

பிறகு, ஆய்வுக்காகத் தொட்டியை அறுத்தார்கள். ஆள் இறங்கும் மூடியின் போல்ட்டுகள் துருவில் இறுகிப்போயிருந்தன, ஸ்தானோயேயின் உடலை எடுத்தபின் யாரும் தொட்டதில்லை. அடியில் நீளமாகக் கிழிந்த இடம் இரண்டு விரல் அகலம்தான். காற்று உள்ளிருந்து வெளியேதான் சீறும்.

விதோமிரின் கை உள்ளே கிடந்தது.

அதை இறுக்கிப் பிடித்த ஐந்து விரல்களின் தடம், துருவாக, அதன்மேல்.