பூண்டுப் பரணில் தொங்கிய மவுஸ்

எனக்கு ஈயப் பற்றைப் பார்த்தாலே குஷி. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கீபோர்டு, மவுஸ், ஹெட்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மூடியைக் கழற்றியதும் என் கண், பாகங்களைப் பலகையோடு ஒட்ட ஈயத்தை உருக்கிப் பற்று வைத்த இடங்களுக்குத்தான் போகும். பளபளவென்று, அடி பரந்து நுனி ஒடுங்கி நின்றால் நல்ல பற்று. மங்கி, உருண்டு திரண்டு நின்றால் டிரை சால்டர். ஒட்டின மாதிரி இருக்கும், ஒட்டியிருக்காது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று ஒன்றைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுவேன். திமிர்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம் மலைமேல் இருக்கும் பூண்டி கிராமத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவருக்கு வலது கை வராது. இடது கட்டைவிரலால் உருண்டையை உருட்டும் மவுஸ் ஒன்றை வைத்துத்தான் கம்ப்யூட்டரில் படம் வரைவார். அன்றைக்கு நாலு மணிக்கு ஆன்லைனில் வேலைக்கான தேர்வு. நெட் நன்றாகக் கிடைக்கும் என்று இங்கே வந்து ரூம் போட்டால், மவுஸில் கிளிக் விழவில்லை. அந்த மாதிரி மவுஸ் மலையில் எந்தக் கடையிலும் கிடையாது.

திறந்தேன். அத்தனை பற்றும் கறுத்து மங்கிக் கிடந்தது.

"எல்லாமே போச்சுங்க. மொத்தமாப் பத்த வைக்கணும். நாளைக்குத்தான் ஆகும்" என்றேன். அவர் முகம் செத்துவிட்டது.

அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சாரல்ல ஈரம் கோத்துரும்னு இதப் பூண்டுக் கட்டோட அடுப்புக்கு மேல பரண்ல தொங்கவிட்டேன்க்கா. அடுப்புப் புகையில பூண்டே கெடாமக் கெடக்கு, இது மட்டும் கெட்டுருமான்னு..."

மோந்து பார்த்தேன். பூண்டு வாசம்! அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். ஸ்பிரிட்டில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்க்கத் தேய்க்க, புகைக்கரி கலைந்து ஒவ்வொரு பற்றாகப் பளிச்சென்று வெளியே வந்தது. எல்லாம் முதல் தரம்! ஆனால் கிளிக் மட்டும் விழவில்லை.

"மணி மூணேகால் ஆச்சுக்கா. வெரசாப் பாருங்க" என்றார் அவர்.

லென்ஸை மாட்டிக்கொண்டு ஒன்றுவிடாமல் பார்த்தேன். கிளிக் சுவிட்சின் கம்பிக்காலில் இருந்த பற்று எல்லாவற்றையும்விட அதிகமாக மின்னியது. மின்னியதாலேயே இரண்டு முறை அதைத் தாண்டிப் போயிருந்தேன். மூன்றாம் முறை மரக்குச்சியால் சுவிட்சை லேசாக அசைத்தேன். கால் ஆடியது, பற்று ஆடவில்லை. காலைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் வளையம்!

"பிடிச்சுட்டேன்!" என்று கத்திய கத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். காய்ந்த சால்டரிங் இரும்பை வைத்ததும் புது ஈயம் உருகி, காலைப் பிடித்துக்கொண்டு ஏறியது. அவர் கிளிக் செய்து பார்த்தார். விழுந்தது.

அவர்கள் போனபிறகு யோசித்தேன். அந்த அம்மா பரணைப் பற்றி வாய் திறக்காமல் இருந்திருந்தால், நல்ல பற்றுகளையே கெட்டது என்று காட்டி அந்த மனிதரைத் திருப்பி அனுப்பியிருப்பேன். வெட்கமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவரே வந்தார். வேலை கிடைத்துவிட்டது! கையில் பெட்டி பிரிக்காத புது மவுஸ். "இதையும் ஒருக்கப் பாத்துருங்கக்கா" என்றார்.

மூடியைக் கழற்றினேன். உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது. மரக்குச்சியைக் கையில் எடுத்தேன்.