பதிமூன்று கிலோ மலேசியா

எங்கள் திண்டுக்கல்லில் ‘ஒரு டீ’ என்றால் டீ வந்துவிடும். இந்த மலேசியாவில், பிரிக்ஃபீல்ட்ஸில் அதோடு நிறுத்த முடியாது. பாலா, டின்பாலா, சீனி எவ்வளவு என்று வீட்டுக்கு வழி சொல்வதுபோல் விளக்க வேண்டும். நானும் ஆறு வருடப் பழக்கத்தில் ‘தே தாரேக், குராங் மானிஸ்’ என்று இனிப்பைக் குறைக்கச் சொல்வேன். டீ மாஸ்டர் தலையாட்டுவார். கொஞ்ச நாளாக அந்தத் தலையாட்டலில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. டின்பால் கரண்டி கிளாஸுக்குள் எவ்வளவு சாய்கிறது என்று சுங்க அதிகாரி மாதிரி நின்று பார்க்கிறேன். “என்னா பாஸ், கடை போடப் போறீங்களா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

காரணம் என் ரத்தம். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, மூன்று மாதத்தில் எடை குறையாவிட்டால் மாத்திரைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் மாத்திரை டப்பாவோடு குடும்பம் நடத்திய அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு அந்த டப்பா வேண்டாம். இந்த நாட்டில் வந்து இறங்கியபோது எழுபத்தொரு கிலோ, இப்போது எண்பத்து நான்கு. கிளினிக்கில் உணவு ஆலோசனை சொல்லும் தேவி, இங்கேயே கிள்ளானில் பிறந்து வளர்ந்த பெண். பட்டினி கிடக்க வேண்டாம், செலவழிப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டால் போதும், தின்றதையெல்லாம் போனில் எழுதுங்கள், தினமும் நடங்கள் என்றாள். எல்லாவற்றையும் ‘அங்கிள்’ என்று முடித்தாள். எனக்கு நாற்பத்து மூன்று வயதுதான். அதுவும் எடை செய்த வேலை.

ஊரில் நான் நடந்ததே இல்லை. நடக்க விடமாட்டார்கள். நூறடி வேகமாகப் போனால் தெரிந்தவர் யாராவது பைக்கை நிறுத்தி, “யாருக்கு என்ன ஆச்சு? ஏறு,” என்பார். இங்கே அப்படி யாரும் இல்லாததால், பெட்டாலிங் ஜெயா ஆபீஸிலிருந்து திரும்பியதும் தினம் ஒரு மணி நேரம் நடந்தேன். பாதி பிஸ்கட்டைக்கூட விடாமல் எழுதினேன். இரண்டு மாதம் கழித்து ஏறி நின்றால் அரை கிலோ கூடியிருந்தது.

அப்போது ஆரம்பித்தது சந்தேகம். முதலில் எடை மெஷின். பத்துக் கிலோ அரிசி மூட்டையை வைத்துப் பார்த்தேன், பத்து காட்டியது. உடனே மூட்டையைச் சந்தேகித்தேன். பிறகு போனை, டீ மாஸ்டரை, பொரியலில் எண்ணெயே இல்லை என்று சத்தியம் செய்யும் மெஸ் அக்காவை. வீடியோவில் அம்மா, “இளைச்சுப் போயிட்டியேப்பா,” என்றபோது அம்மாவையே சந்தேகித்தேன்.

தேவி என் போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அவளுக்கு என்மேல் சந்தேகம். எந்தப் பக்கம் நடக்கிறீர்கள் என்று கேட்டாள். பிள்ளையார் கோயில், அங்கிருந்து முருகன் கோயில், திரும்பும்போது அம்மன் கோயில் என்று பெருமையாகச் சொன்னேன்.

“கோயில்ல என்னா கொடுப்பாங்க?”

“ஒருநாள் சுண்டல், ஒருநாள் சர்க்கரைப் பொங்கல். வெள்ளிக்கிழமை வடையும் உண்டு.”

“இதுல ஒன்னுகூட எழுதலையே அங்கிள்?”

“அது பிரசாதம்மா. அதை எப்படி எழுதறது?”

அவள் பேனாவை மூடி வைத்தாள். “சாமி பார்த்துட்டு அப்படியே கொடுத்திருது. சாப்பிடறது நீங்கதான் லா.”

சிரிக்கவில்லை அவள். நான் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. தொன்னை தொன்னையாக நெய்யும் முந்திரியும் கண்முன் வந்து போயின. ஊரெல்லாம் தேடிய திருடன் தினமும் என் கையாலேயே பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் தின்றிருக்கிறான்.

மூன்றாவது மாதமும் அதே வழிதான் நடந்தேன். மூன்று சாமியையும் கும்பிட்டேன். பொங்கல் மட்டும் ஒரு கோயிலில், ஒரு கரண்டி. “என்ன சார், நம்ம சமையல் பிடிக்கலையா?” என்று குருக்கள் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார். அந்த ஒரு கரண்டியைப் போனில் எழுதப்போனால், பட்டியலில் இந்த ஊர் நாசி லெமாக் இருக்கிறது, ரொட்டி சானாய் இருக்கிறது, சர்க்கரைப் பொங்கல் இல்லை. ‘மற்றவை’ என்று போட்டுவிட்டு வருகிறேன். குடிமகனா, நிரந்தரவாசியா, மற்றவையா என்று கேட்கும் இங்கத்து விண்ணப்பங்களில் எனக்கும் அந்தக் கட்டம்தான்.

மாதக் கடைசியில் எண்பத்திரண்டு. மாத்திரையை இன்னும் மூன்று மாதம் தள்ளிவைத்தார் டாக்டர். வீட்டுக்கு வந்து மெஷினில் மறுபடி ஏறி நின்றேன். என்னில் பதிமூன்று கிலோ இந்த மண்ணில் பிறந்தது. அதற்கு வேலை பெர்மிட் வேண்டாம், புதுப்பிக்க வேண்டாம். ஊரிலிருந்து வந்த எழுபத்தொரு கிலோவுக்குத்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாஸ்போர்ட்டில் முத்திரை. இப்போது இரண்டு கிலோ போய்விட்டது. போனது இங்கே பிறந்ததா, அங்கிருந்து கொண்டுவந்ததா? காலுக்குக் கீழே முள் ஆடிக்கொண்டே இருக்கிறது. அதுவும் சொல்ல மாட்டேன் என்கிறது.