தட்டாத கை

படி ஏறும்போது விதுரன் எப்போதும் இரண்டு படி பின்னால்தான் வருவான். முன்னால் போகிறவன் கதவை அடையும் நேரத்தில் இவன் கைகளில் ஏதாவது இருக்கும்: குடை, புத்தகப் பை, மற்றவனின் மேலங்கி. ஒன்றும் அகப்படாவிட்டால் குனிந்து, கட்டியிருக்கும் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவான். கதவு திறந்துவிட்டால் அந்தப் பையனில் ஒரு குறை சொல்ல முடியாது. நிமிர்ந்து நிற்பான், அழகான இத்தாலிய மொழியில் வணக்கம் சொல்வான், சிரிப்பான். திறக்கும்வரைதான் சிக்கல்.

இருபது வயது. வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, மார்பில் கறுப்புப் பெயர்த்தகடு. மோர்மன் சபையின் ஊழியன். சம்பளம் இல்லாமல் இரண்டு வருடம் வீடு வீடாகப் போய் வேதம் சொல்ல வந்தவன். தகட்டில் பெயருக்கு முன்னால் 'அன்சியானோ' என்று எழுதியிருக்கிறது. சபையில் அது ஊழியப் பட்டம். பலேர்மோ நகரின் பல்லரோச் சந்தையில் அதற்குக் கிழவன் என்றுதான் அர்த்தம். மீன்காரன் அதை எட்டிப் படித்துவிட்டு, "தாத்தாவுக்கு முள்ளில்லாத மீன்!" என்று கூவுவான். விதுரனும் முதுகைக் கூனிக் காட்டிவிட்டுப் போவான். பயந்தவன் என்றாலும் உம்மணாமூஞ்சி அல்ல.

அவன் வாரம் திங்களில் தொடங்குகிறது. துணி துவைக்கவும் சாமான் வாங்கவும் தாய்க்குக் கடிதம் எழுதவும் விட்ட நாள் அதுதான். சட்டைக் கழுத்தைச் சவர்க்காரக் கட்டியால் தேய்த்து, உதறிப் பால்கனியில் போடுவான். அவன் தோய்த்த சட்டையில் அழுக்கு வரி இருக்காது. செவ்வாயிலிருந்து சனிவரை தெருவும் படிக்கட்டும். புதன் மாலை இலவச ஆங்கில வகுப்பு. ஞாயிறு, கார் திருத்தும் கடை ஒன்றின் மேல்மாடியில் ஆராதனை. அங்கே கதவைப் பார்த்தபடி இருக்கும் நாற்காலி அவனுடையது. தேநீர் கூடாது, கோப்பி கூடாது. வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவது நத்தார்ப் பண்டிகைக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும். எங்கே போனாலும் இருவராகப் போகவேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்தில் ஒருவரை ஒருவர் விடக்கூடாது. மற்றப் பையன்கள் முணுமுணுக்கும் இந்தக் கடைசி விதிதான் விதுரனுக்கு மிகவும் பிடித்தது. இருவர் என்றால், தட்டுவதற்கு வேறொரு கை இருக்கும்.

சபையில் யாரையும் ஓர் ஊரில் வேர்விட விடுவதில்லை. சனிக்கிழமை மாலை தொலைபேசி அடிக்கும். செவ்வாய் ரயிலில் பெட்டியோடு வேறு ஊர். முதலில் அவனைத் தெற்கு இத்தாலியில் தாரந்தோவில் விட்டார்கள். அங்கே எல்லாம் புதுக் கட்டடங்கள். வாசலில் வரிசையாக மணிப் பொத்தான்கள். பொத்தானை அழுத்த அவனுக்குப் பயமில்லை. சிராக்குசாவில் கூடவந்தவன் வாயாடி, எல்லாக் கதவையும் தானே முந்திக்கொள்வான். மூன்றாவதாகப் பலேர்மோ. அங்கே பல்லரோ, கால்சா என்ற பழைய குடியிருப்புகளில் மணிகள் எப்போதோ செத்துவிட்டன. கம்பி அறுந்து சுவரில் தொங்கும். அங்கே கையால்தான் தட்டவேண்டும்.

பயத்தைச் சாப்பாட்டு மேசையில் கண்டுபிடிக்கலாம். காலையில் அவனால் பாண் விழுங்க முடியாது, பாலில் நனைத்து உறிஞ்சுவான். வலக்கை நகங்களைச் சதை தெரியக் கடித்திருப்பான். படுக்கும்போது சப்பாத்துகளைக் கட்டிலருகே வாசல் பக்கம் நுனி பார்க்க வைப்பான், கால் விட்டால் அப்படியே ஓடலாம். மாஃபியா குறிவைத்த நீதிபதி ஒருவரின் வீட்டுக்கு முன்னால் மணல்மூட்டை அடுக்கித் துப்பாக்கியோடு இராணுவத்தினர் நிற்கும் தெருவில் அவன் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவான். அந்த இத்தாலியப் பையன்கள் சுவிங்கம் மென்றுகொண்டு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நிற்பார்கள். அவர்களால் தனக்கு ஆபத்தில்லை என்று அவன் மூளைக்குத் தெரியும். கால்களுக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், யுத்தத்துக்குள் அவன் பிள்ளையாக இருந்த வருடங்களில் கதவு தட்டப்பட்டால் வீட்டில் அடுப்பை அணைப்பார்கள். தட்டுகிறவர்கள் காலத்துக்குக் காலம் மாறினார்கள். தட்டும் விதம் மாறவில்லை. ஒருநாள் தகப்பன் நகுலேஸ்வரன் எழுந்துபோய்த் திறந்தார். கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அவருக்கு ஒரு காது கேட்கவில்லை. பிறகு கொழும்பு, பிறகு ரொறொன்ரோ. முதல் பனிக்காலத்தில் இரண்டு வெள்ளைச் சட்டைப் பையன்கள் கேட்காமலே வந்து வாசல் பனியை வாரிக் கொட்டினார்கள். தாய் கனகேஸ்வரி அவர்களுடைய சபையில் சேர்ந்துவிட்டாள். தகப்பன் சேரவில்லை. மகன் புறப்பட்டபோது ஒன்றுதான் சொன்னார்: "போட்டு வா. ஆனா தம்பி, மற்றவன்ரை கதவிலை கை வைக்கிற வேலை எனக்குப் பிடிக்கேல்லை."

இதுதான் அவன் யாருக்கும் சொல்லாதது: வந்த நாளிலிருந்து அவன் ஒரு கதவைக்கூடத் தட்டியதில்லை. சபையில் தெரிந்தால் பாதியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பினான். பாதியில் வந்த பிள்ளையின் தாய் ஞாயிற்றுக்கிழமை எந்த வரிசையில் போய் உட்காருவாள்?

பலேர்மோவில் அவனோடு இருந்தவன் ஸ்ரோக்கர், அமெரிக்காவின் ஐடஹோவில் உருளைக்கிழங்குத் தோட்டக்காரனின் மகன். நல்ல பிள்ளை. கதவைத் தட்டுவதென்றால் விரல்களை மடக்கித் தாளம் போட்டுத் தட்டுவான், வந்திருப்பது உற்சாகமான ஆள் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியட்டுமாம். பல்லரோவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில் இலங்கைத் தமிழர் இருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, ஒரு வெள்ளிக்கிழமை துள்ளிக்கொண்டு ஏறினான். விதுரன் வழக்கம்போல் பின்னால், கையில் குடை.

ஸ்ரோக்கர் தட்டினான்.

உள்ளே தண்ணீர்க்குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. வானொலி நின்றது. ஒரு பிள்ளை ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதியில் அடங்கியது, வாய்மேல் கை விழுந்ததுபோல. பிறகு ஒன்றுமில்லை. அந்த 'ஒன்றுமில்லை' விதுரனுக்கு நன்றாகத் தெரிந்தது. அவனே அதற்குள் கிடந்திருக்கிறான்.

"வா, போவம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டான். ஸ்ரோக்கருக்கு விளங்கவில்லை. "யாரோ இருக்கிறார்கள்," என்று இன்னும் பலமாகத் தட்டினான். கட்டடத்தின் பின்பக்கம் ஓடு உடைகிற சத்தம் கேட்டது. பூனை என்றான் ஸ்ரோக்கர்.

அடுத்த திங்கள், சந்தையில், ஸ்ரோக்கர் மீன்காரனோடு நிற்க, இவன் வெங்காயம் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் அவன் முன்னால் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய எசமானியின், வீட்டில் வேலை முடித்து வந்த கை, பிளீச் மணம்.

"நீர் தமிழ்ப் பிள்ளையே?"

"ஓம் அக்கா."

"வெள்ளிக்கிழமை எங்கடை கதவை உடைச்சது நீங்களோ?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வெள்ளைச் சட்டை ரெண்டு பேர் எண்டு கீழ்வீட்டுக்காரி சொன்னவள். நாங்கள் குவெஸ்தூராப் பொலிஸ்காரர் எண்டெல்லோ நினைச்சம். எங்களிட்டை இஞ்சை தங்குற பெர்மெஸ்ஸோக் கடதாசி இன்னும் இல்லை. நானும் பெட்டையும் கட்டிலுக்குக் கீழை. இவர் யன்னலாலை பாய்ஞ்சு பின்ஓட்டிலை விழுந்தவர். கால் பூசணிக்காய் மாதிரிக் கிடக்கு. நீங்கள் கடவுளைக் கொண்டு வந்தனீங்களோ, யமனைக் கொண்டு வந்தனீங்களோ?"

அவள் பெயர் நாகபூசணி. கணவன் கோபாலசிங்கம், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுபவன். அவன் கணுக்கால் வீங்கி, நிறம் கறுத்து, கால்விரல்கள் மரத்துப்போயிருந்தன. மஞ்சள் அரைத்துப் பூசிச் சீலையால் இறுக்கிக் கட்டியிருக்கிறாள். மரத்துப்போன விரலின்மேல் இறுக்கிக் கட்டினால் மஞ்சளும் உதவாது, கடவுளும் உதவமாட்டார். எலும்பை நேராக்காவிட்டால் அந்தக் கால் வாழ்நாள் முழுக்க இழுபடும். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் ஆசுபத்திரியில் பெயர் கேட்பார்கள், கடதாசி கேட்பார்கள், அவளுடைய இத்தாலியச் சொற்கள் தரை துடைக்க மட்டுமே போதும்.

"நான் கதைக்கிறன் அக்கா," என்றான் விதுரன். "நான் கூட்டிக்கொண்டு போறன். கடதாசி கேட்டா நான் பதில் சொல்லுறன்."

"எலும்பு டொக்ரர் வியாழன் விடியத்தானாம் பாக்கிறவர். விடிய நான் வேலையிலை, பெட்டை பள்ளிக்கூடத்திலை. அவர் உள்ளுக்காலை பெரிய தாழ்ப்பாள் போட்டுட்டுத் தனியத்தான் கிடப்பார். திறப்பு கையிலை இருந்தாலும் வெளியிலை நிண்டு திறக்கேலாது." அவள் கொஞ்சம் யோசித்தாள். "வியாழன் வாரும். நான் சொல்லி வைக்கிறன். ஆனா திறப்பாரோ தெரியாது. நேற்று நான் தட்டவே திறக்கேல்லை, கீழை போய்ச் சந்திலை நிண்டு கத்தினனான்."

"தமிழிலை கூப்பிட்டாலுமோ?"

"தமிழிலை கூப்பிட்டுத்தானே தம்பி ஊரிலை அவற்றை தமையனைக் கொண்டு போனவங்கள்."

போகும்போது வெங்காயத்தில் இரண்டை அவன் பையில் போட்டாள். வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி தருவதாகச் சொன்னாள். தான் குடிப்பதில்லை என்றான். "தேத்தண்ணியும் குடியாமல் கதவு கதவாத் திரியிறியளோ? மெய்யே, அதுதான் முகம் இப்பிடிக் கிடக்கு."

அந்த வாரமே மாற்றம் வந்தது. வழக்கத்துக்கு மாறாக, சனிக்கிழமைவரை காத்திருக்காமல் செவ்வாய் மாலையே தொலைபேசி அடித்தது: பாரி நகரில் ஒருவன் நோயில் விழுந்துவிட்டான், ஸ்ரோக்கர் மறுநாளே புறப்படவேண்டும். விதுரன் தங்குவான். இனி அவனே மூத்த ஊழியன். அமெரிக்காவிலிருந்து நேரே வரும் புதியவன் ஒருவனை அவன் பொறுப்பில் விடுகிறார்கள். மறுமுனையில் இருந்தவர் வாழ்த்துச் சொன்னார். விதுரன் நன்றி சொல்லி வைத்துவிட்டு, வலக்கையில் மிச்சமிருந்த நகத்தையும் கடித்தான்.

புதன் மதியம் வந்து இறங்கிய புதியவன் பெயர் லண்ட். யூற்றாவில் மாட்டுப்பண்ணைப் பையன், பத்தொன்பது வயது, வாசற்படியில் குனிந்து வரவேண்டிய உயரம். இத்தாலிய மொழியில் அவனுக்கு ஜெபம் பண்ணத் தெரியும். வெண்ணெய் வாங்கத் தெரியாது. விதுரன் என்ன செய்தாலும் அதை அப்படியே செய்தான். விதுரன் பாணைப் பாலில் நனைத்தால் அவனும் நனைத்தான். இராணுவத்தினரைக் கண்டு விதுரன் தெருவைக் கடந்தபோது, இது இந்த நாட்டு வழக்கம் என்று நினைத்து அவனும் கடந்தான்.

"இன்று ஒருவரைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கவேண்டும்," என்று வியாழன் காலை விதுரன் ஆங்கிலத்தில் சொன்னான்.

"எவ்வளவு பாரம்?"

"மெலிந்த மனிதர்."

"கன்றுக்குட்டியைவிடவா?" என்று கேட்டான் லண்ட். அவனுக்கு அவ்வளவுதான் தெரியவேண்டியிருந்தது.

சந்துக்குள் நுழைந்தார்கள். அன்று அவன் குடை எடுக்கவில்லை, பை எடுக்கவில்லை. முதல் மாடியில் நின்றான். சப்பாத்துக் கயிற்றைப் பார்த்தான், கட்டியிருந்தது. பின்னால் இரண்டு படி கீழே லண்ட் நின்றான், முந்திப் போகும் எண்ணமே இல்லாமல். இனி முன்னால் போக ஆளில்லை. திரும்பி இறங்கினால் லண்ட் ஏன் என்றுகூடக் கேட்கமாட்டான். நாகபூசணி கேட்பாள். அல்லது கேட்கமாட்டாள், அந்தக் காலை இழுத்துக்கொண்டு ஒரு மனிதன் சந்தையில் நடப்பான்.

ஏறினான்.

மூன்றாம் மாடியில் உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கதவின் நடுவில் பார்க்கும் துளை ஒன்று, சிறு கண்ணாடி போட்டது. விதுரன் அதைப் பார்த்தான். தட்டுகிறவன் கதவோடு ஒட்டி நின்றால் உள்ளே இருப்பவருக்கு ஒரு முகம் மட்டும்தான் தெரியும்; கையில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. அவனுடைய தகப்பனும் ஒரு முகத்தை மட்டும் பார்த்துத்தான் திறந்தார்.

வலக்கையைத் தூக்கினான். இடக்கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். நகம் கடித்த விரல் நுனியால், பாத்திரத்தில் தண்ணீர் சொட்டுகிற அளவுக்குத்தான் சத்தம் வரும்படி, ஒரு தரம் தட்டினான்.

குழாய் நின்றது.

விதுரன் பின்னுக்கு நகர்ந்தான். ஒரு படி, இன்னொரு படி, சுவர் யன்னல் வெளிச்சம் தலையிலிருந்து கால்வரை விழும் இடம்வரை. அங்கே நின்று இரண்டு கைகளையும் விரித்து, வெறும் உள்ளங்கைகளைத் துளைக்கு நேரே காட்டினான். பக்கத்தில் லண்ட், இதுவும் இந்த நாட்டு வழக்கம் என்று நினைத்து, தன் பையைப் படியில் வைத்துவிட்டு, மாட்டுப்பண்ணையில் காய்த்த பெரிய கைகள் இரண்டையும் அதேபோல் விரித்தான்.

துளைக்குள் வெளிச்சம் மறைந்தது. நெடுநேரம் மறைந்தே இருந்தது. பிறகு உள்ளே தாழ்ப்பாள் கொஞ்சம் அசைந்தது.

விதுரன் கைகளை இறக்கவில்லை.