நாலு தையல்தான் பாக்கி

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது இது. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு காவல் நிலையத்தில் நான் உதவி ஆய்வாளராகச் சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. படித்தது மின்னணுப் பொறியியல். எதையும் எண் போட்டு எழுதி வைத்தால்தான் எனக்கு மனம் அடங்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும்.

அந்த வருடம் திண்டிவனத்தை அடுத்து ஒரு குன்றின் அடியில் இருக்கும் சுடுதளத்தில் எங்களில் சிலருக்கு ஒரு வாரப் பயிற்சி கொடுத்தார்கள். மங்கிய வெளிச்சத்திலும் இருட்டிலும் சுடுவதற்கான பயிற்சி. கைத்துப்பாக்கியின் குழலுக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு விளக்கு மாட்டியிருக்கும். பிடித்த பிடியை விடாமல் கட்டைவிரலாலேயே அதைப் போட்டு அணைக்கலாம். பொழுது சாய்ந்ததும் ஆரம்பிப்போம். எதிரே அட்டையில் ஆள் படங்கள். ஒரு படத்தில் கையில் கத்தி, இன்னொன்றில் செல்போன், மற்றொன்றில் தண்ணீர் பாட்டில். விளக்கைப் போட்டதும் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்க்க வேண்டும். சுட வேண்டிய ஆளா, விட வேண்டிய ஆளா என்று அந்த நொடியில் முடிவு செய்ய வேண்டும்.

பயிற்சி கொடுத்தவர் ஒரு பெண், என்னைவிட இரண்டு வயது சின்னவர். அதனாலோ என்னவோ, அவர் சொன்னதை நான் முழு மரியாதையோடு கேட்கவில்லை. விளக்கின் ஒளி எவ்வளவு தூரம் போகும், பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்றெல்லாம் நடுவில் புகுந்து விளக்குவேன். ஒரு நாள் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "என்ஜினீயர் மேடம், லைட்டப் பத்தி உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். அது எதுல மாட்டியிருக்குன்னு மட்டும் மறந்துடாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒன்று, தேடுவதற்குக் கை டார்ச். துப்பாக்கி விளக்கால் தேடக் கூடாது, வெளிச்சம் போகும் இடத்துக்கெல்லாம் குழலும் போகும். இரண்டு, போலீஸ் என்று முதலில் குரல் கொடுக்க வேண்டும். மூன்று, சுடுவது என்று முடிவாகும்வரை விரல் விசைக்கு வெளியே. கடைசி நாள் தேர்வில் நான்தான் முதல். செல்போன்காரர் ஒருவரைக்கூடச் சுடவில்லை. சோதனை முறையில் என் போன்ற சிலருக்கு அந்த விளக்கு மாட்டிய துப்பாக்கியையே கொடுத்து அனுப்பினார்கள்.

ஒரு மாதம் போயிருக்கும். கோலியனூர் பக்கம் நிலத்தகராறில் ஒருவன் தன் பங்காளியை அரிவாளால் வெட்டிவிட்டு ஓடிவிட்டான். மதியம் ஒரு மணிக்கு, கடலை உடைக்கும் மில் ஒன்றின் பின்சுவரை அவன் தாண்டிக் குதித்ததைப் பார்த்ததாகப் போன் வந்தது. நானும் ஒரு காவலரும் ஜீப்பில் போய் இறங்கினோம்.

அன்று மின்வாரியப் பராமரிப்பு நாள். காலையிலிருந்தே மின்சாரம் இல்லை. மேஸ்திரி வாசலில் நின்றிருந்தார். "உள்ள யாரும் இல்லீங்க மேடம். கரண்ட்டு சாயங்காலம்தான் வரும்னு எல்லாரையும் அனுப்பிட்டேன்" என்றார். மூட்டைகள் அடுக்கும் கிடங்கு ஜன்னல் இல்லாத பெரிய தகரக் கொட்டகை. வெளியே கண் கூசும் வெயில். உள்ளே நாலடி வைத்தால் கை தெரியாத இருட்டு.

காவலர் எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், ஜீப்ல பெரிய டார்ச் கீது, எடுத்துக்கினு வந்துர்றேன்" என்றார்.

ஜீப் இருபதடி தூரத்தில்தான் நின்றது. "வேணாம், இதுலயே இருக்கு" என்று துப்பாக்கியைக் காட்டினேன். நான் அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அவரைப் பின்கதவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். மூட்டை அடுக்குகளுக்கு நடுவே ஒவ்வொரு சந்தாக வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். அதாவது, ஒவ்வொரு சந்துக்குள்ளும் துப்பாக்கியை நீட்டினேன். கடைசி அடுக்குக்குப் பின்னால் சரசரவென்று ஏதோ உரசும் சத்தம் கேட்டது. சட்டென்று திரும்பி விளக்கைப் போட்டேன். ஒரு கை மேலே எழுந்தது. அதில் நீளமாக, கூராக ஏதோ பளபளத்தது.

கையைப் பார் என்று சொல்லித் தந்திருந்தார்கள். பார்த்தேன். உள்ளே வேறு யாரும் இல்லை என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். குரல் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. எத்தனை நொடி அப்படி நின்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தக் கைக்குப் பின்னாலிருந்து எரிச்சலான ஒரு பெண் குரல் வந்தது. "யாருப்பா அது, லைட்ட மூஞ்சிலயே அடிச்சிக்கினு? கண்ணு அவியுது."

ஐம்பது வயதிருக்கும். எதிரே பாதி வாய் தைத்த மூட்டை. கையில் கோணி ஊசி, அதன் காதில் சணல் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் கிளம்பியபோது, ஆரம்பித்த மூட்டையை முடித்துவிடலாம் என்று, தகரத்தில் இருந்த ஓட்டை வழியே வந்த கொஞ்சம் வெளிச்சத்தில் அங்கேயே உட்கார்ந்துவிட்டிருக்கிறார். கண் கூசியதால் கையைத் தூக்கி மறைத்திருக்கிறார். அவ்வளவுதான்.

துப்பாக்கியைத் தரையைப் பார்த்து இறக்கியபோதுதான் கவனித்தேன். என் விரல் விசையின் மேல் இருந்தது. அது எப்போது அங்கே போனது என்று தெரியவில்லை.

அவருக்கு எதுவும் தெரியவில்லை. அந்த வெளிச்சத்தை நேராகப் பார்ப்பவருக்கு அதன் பின்னால் இருப்பது தெரியாது. பயிற்சியில் இதை மற்றவர்களுக்கு விளக்கியதே நான்தான். துப்பாக்கியை உறைக்குள் வைத்துவிட்டு, போலீஸ்மா என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"போலீசா? மேஸ்திரிதான் பேஜாரு பண்றான்னு நெனச்சிக்கினேன்" என்று சிரித்தார். "வந்ததுதான் வந்த, லைட்ட கொஞ்சம் மூட்ட மேல புடிம்மா. நாலு தையல்தான் பாக்கி."

முதலில் அவரை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். அதுகூட எனக்குத் தோன்றவில்லை. செல்போனை எடுத்து அதன் வெளிச்சத்தைப் பிடித்தேன். வெளிச்சம் தையல் மேல் நிற்காமல் ஆடியது. "நேராப் புடிம்மா. சாப்டியா இல்லியா நீ?" என்று கேட்டுக்கொண்டே தைத்து, சணலைப் பல்லால் கடித்து அறுத்தார். "மவராசியா இரு" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெயிலுக்குள் போனார்.

அதற்குள், நான் வெளியே வராததைப் பார்த்து, காவலர் ஜீப்பிலிருந்த டார்ச்சோடு வந்துவிட்டார். மீதி இடத்தை அந்த டார்ச் வெளிச்சத்திலேயே பார்த்து முடித்தோம். யாரும் இல்லை. நாங்கள் தேடியவன் அந்த மில்லுக்கே வரவில்லை. அன்று மாலை திண்டிவனம் நீதிமன்றத்தில் சரணடைந்தான். சோதனை செய்தோம், சந்தேகப்படும்படி எவரும் இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் அந்த அம்மா அதில் இல்லை, என் விரலும் இல்லை.

பத்து நாள் கழித்து, நடந்ததை அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து மில்லுக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டுதான் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் பக்கத்திலிருந்த பெண்களிடம், "நான் சொன்னேன்ல, எனக்கு லைட்டு புடிச்ச போலீசு, இந்தப் பொண்ணுதான்" என்று பெருமையாகக் காட்டினார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த வறுத்த மல்லாட்டையை, எங்கள் பக்கத்து வேர்க்கடலையை, அள்ளி என் கையில் கொட்டினார். நான் அதை உரித்துத் தின்றுகொண்டு நின்றேன். நோட்டு பையிலேயே இருந்தது. அடுத்த முறை போனபோது அவர் வேலையை விட்டிருந்தார். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். தேடிப் போயிருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். ஆள் தேடுவதுதானே என் வேலை. போகவில்லை.

பயிற்சியாளரிடம் மட்டும் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா சாப்பிட்டார்களா என்று கேட்டார். ஏன் அப்படிக் கேட்டார் என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது இருட்டான எந்த இடத்துக்குள் போனாலும் இடது கையில் டார்ச் இருக்கும். வாசலிலேயே சத்தமாகக் குரல் கொடுப்பேன். அதற்கெல்லாம் நோட்டு தேவைப்படுவதில்லை. எங்கோ ஓர் ஊரில், நாலு தையலுக்கு நான் பிடித்த வெளிச்சத்துக்காக என்னை நல்ல பெண் என்று ஒருவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு முன் அவர் முகத்தில் நான் பிடித்த வெளிச்சத்துக்கு இன்னும் மன்னிப்புக் கேட்காமல் நான் இங்கே இருக்கிறேன்.