தெருவுக்கு வெளியே நின்ற கார்

என்னுடைய காரில் இரண்டே இருக்கைகள், இரண்டே கதவுகள். நிறம் மஞ்சள். தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் பஸ் வந்து நின்றால் அதன் சக்கரம்தான் என் கண்ணுக்கு நேராக இருக்கும். சிக்னலில் நிற்கும்போது ஜனங்கள் முதலில் காரைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு பக்கத்து சீட்டில் யாரையோ தேடுவார்கள். அந்த யாரோ யார் என்பதில்தான் ஆளுக்கு ஆள் அபிப்பிராய பேதம். பெட்ரோல் பங்க்கில், "அப்பா வண்டியா மேடம்?" என்பார்கள். ஓட்டல் வாசலில் சாவி வாங்குகிறவர், "சார் பின்னாடி வராரா?" என்பார். ஒரு முறை பெங்களூர் சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "அப்பன துட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். மொழிபெயர்ப்பே தேவைப்படாத கன்னடம்.

என் அப்பா பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் கியர் சக்கரத்துக்குப் பல் வெட்டும் மெஷினில் வேலை பார்த்தவர். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு சிவாஜிநகரில் பஸ் மாறிப் போய், இருட்டிய பிறகு அதே வழியில் திரும்பி வருவார். ரிடையர் ஆகும்வரை அவர் பெயரில் இருந்த ஒரே வண்டி ஒரு சைக்கிள். அதுவும் பாதி நாள் பஞ்சர். கார் நான் வாங்கியது. வெளிநாட்டுக்குப் போகிற ஒருவரிடமிருந்து செகண்ட் ஹாண்டில், என் சம்பளத்தில், என் கடனில். இதை ஒரு போர்டில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

வண்டிப் பைத்தியம் எனக்கு அப்பாவால்தான் வந்தது. ஆயுத பூஜை அன்று அந்தத் தொழிற்சாலைக்குள் குடும்பத்தையெல்லாம் விடுவார்கள். அப்பாவின் மெஷினுக்கு வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்திருக்கும். அவர் என்னைத் தூக்கி அதைத் தொடவைப்பார். "இங்க வெட்டற பல்லு எங்கியோ ஒரு வண்டிக்குள்ள சுத்தினு இருக்கும் பாப்பா" என்பார். ரிடையர் ஆனவர்களையும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அங்கே அழைப்பார்கள். கார் வாங்கியபோது எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்கள் தெருவிலிருந்து கிளப்பி, ஆயுத பூஜை அன்று பீன்யாவில் அந்தக் கேட்டுக்கு முன்னால் கொண்டுபோய் இறக்க வேண்டும்.

பிரேசர் டவுனுக்குப் பின்பக்கம் எங்கள் தெரு. முக்கால்வாசி தமிழர்கள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், அதுதான் தொல்லையே. கார் வந்த முதல் வாரத்திலேயே எதிர்வீட்டு அத்தை அம்மாவிடம், "யாரு வாங்கிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள். "அவளேதான்" என்றாள் அம்மா. "ம்" என்றாள் அத்தை. அந்த 'ம்'முக்குள் ஒரு குடும்பக் கதையே இருந்தது.

அதே நேரத்தில் நகரத்தில் எங்கேயோ ஒரு பணக்காரப் பையன் இதே மாதிரி காரை நடைபாதையில் ஏற்றிவிட்டான். டிவியில் நாளெல்லாம் அதையே காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் கமிட்டித் தலைவர் நாலு பேரோடு வீட்டுக்கு வந்தார். கார் என்னுடையது, ஓட்டுவது நான்; ஆனால் அவர் பேசியது அப்பாவிடம்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. பசங்க வெளாடற தெரு. சின்ன வயசு, இந்த மாதிரி வண்டி கைல இருந்தா கால் சும்மா இருக்காது."

"நான் நம்ம தெருவுல ரெண்டாவது கியரே போட்டதில்ல அங்கிள்" என்றேன்.

"உன்னச் சொல்லலம்மா. பொதுவாச் சொல்றேன்."

பொதுவாகச் சொல்லப்படுகிற எதுவும் பொதுவாக யார் தலையிலும் விழாது, ஒருத்தர் தலையில்தான் விழும். அவருடைய வெள்ளைக் கார், பாதித் தெருவை அடைத்துக்கொண்டு, சாக்கடை மூடி மேல் சக்கரத்தை ஏற்றித்தான் எப்போதும் நிற்கும். அது பெரிய மனுஷன் வண்டி, அதை யாரும் கேட்கமாட்டார்கள். நான் அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அப்பா, "வெளிய நிறுத்திக்கறோம்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவரோடு சாப்பிட உட்காரவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு.

ரயில்வே லைனுக்குப் பக்கத்தில், மூடிக்கிடந்த ஒரு மரக்கடையின் கொட்டகையில் இடம் கிடைத்தது. எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோட்டைத் தாண்டி நடக்க வேண்டும். காலையில் ஆபீசுக்குப் போக அங்கே வரை நடப்பேன். வேர்த்துப்போய் ஸ்போர்ட்ஸ் காரில் ஏறுகிற ஒரே ஆள் பெங்களூரில் நானாகத்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மரக்கடைக்கு வருவார். தோளில் எப்போதும் கிடக்கும் வெள்ளைத் துண்டால் டேஷ்போர்டைத் துடைப்பார். இடது சீட்டில் மெதுவாக இறங்கி உட்கார்ந்து, "ஸ்டார்ட் பண்ணு" என்பார். இன்ஜின் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "ஒரு ரவுண்டு போலாம்ப்பா" என்றால் மட்டும் கதவைத் திறந்து இறங்கிவிடுவார்.

"ஆயுத பூஜைக்கு உங்கள பீன்யாவுல கேட்டு வரைக்கும் கொண்டுபோய் விடறேன்" என்றேன் ஒருநாள்.

"வேணாம் பாப்பா. நான் பஸ்ல போய்க்கறேன்."

"ஏன்?"

"கேட்டுல நிக்கறவங்க என்ன நெனப்பாங்க? இவன் பொண்ணு ஏதோ..."

அதோடு நிறுத்திக்கொண்டார். "ஏதோன்னா என்னப்பா?" என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஊர் பேசினதெல்லாம் என் காதில் விழுந்து வெளியே போய்விட்டது. அப்பா பேசாமல் விட்ட அந்த மிச்ச வாக்கியம் மட்டும் உள்ளே தங்கிவிட்டது. அவரும் நம்புகிறாரோ என்று அன்றிரவு அழுதேன்.

அவர் நம்பவில்லை. ஆயுத பூஜை அன்று பீன்யாவுக்குக் கிளம்பும் முன் விடியற்காலையில் என்னை எழுப்பி மரக்கடைக்குக் கூட்டிப் போனார். பையில் மாலை, சந்தனம், எலுமிச்சம்பழங்கள். தன் மெஷினுக்குச் செய்ததுபோலவே ஒவ்வொன்றாகச் செய்து, சக்கரங்களுக்கு அடியில் பழத்தை வைத்தார். பிறகு வெளியே நின்று, "வா, வா, இன்னும் கொஞ்சம்" என்று கையைக் காட்டினார். நாலு பழமும் நசுங்கியதும் முகமெல்லாம் சிரிப்பு. "அடுத்த வருஷம் இதுலயே போலாம் பாப்பா. அதுக்குள்ள ஜனங்களுக்குப் பழகிடும்" என்றார். அடுத்த வருஷம் என்று நானும் நம்பினேன்.

அந்த மாதங்களில் நான் ஓட்டியதுபோல அந்தக் காரை யாரும் ஓட்டியிருக்கமாட்டார்கள். ஸ்கூட்டர்கள் என்னைத் தாண்டிப் போகும். பைக்கில் வரும் பையன்கள் பக்கத்தில் வந்து முறுக்குவார்கள், ரேஸுக்குக் கூப்பிடுவார்கள். வேகமாகப் போனால் திமிர், மெதுவாகப் போனால், "ஓட்டத் தெரிலன்னா எதுக்கு இந்த வண்டி?" மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் மெதுவாகவே போனேன். எங்கள் தெருக்காரர்கள் யாராவது பார்த்து, "அந்தப் பொண்ணு ஒழுங்காத்தான் ஓட்டுது" என்று அப்பாவிடம் சொல்ல மாட்டார்களா என்ற நப்பாசை.

அடுத்த ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு வேலை நாள் காலை. காப்பி குடித்த டம்ளரைக் கீழே வைத்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தார். சட்டை வேர்வையில் ஒட்டிப்போயிருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். டிராபிக்கில் நிற்கிறது, வருகிறது என்றார்கள். வாடகைக் கார் வருகிறேன் என்று சொல்லி கேன்சல் ஆனது. பள்ளிக்கூட நேரம், முனையில் ஓர் ஆட்டோகூட இல்லை. தலைவரின் வெள்ளைக் கார் வாசலில் நின்றது. சாவி டிரைவரிடம், டிரைவர் பத்து மணிக்குத்தான் வருவார். என் கார் மரக்கடையில். நான் செருப்புப் போடாமல் ஓடினேன்.

காரை எடுத்துக்கொண்டு தெருமுனையில் திரும்பியபோது முதல் முறையாக அங்கே இரண்டாவது கியர் போட்டேன். யாரோ சிலர் குறுக்கே வந்தார்கள், ஒருவர் பானட்டின் மேல் ஓங்கி அடித்தார். "ஏய், மெதுவா! பசங்க இருக்காங்க தெரில?" கண்ணாடியை இறக்கி, "அப்பாவுக்கு நெஞ்சு வலி" என்று கத்தினேன். அதன் பிறகுதான் விலகினார்கள். விலகியவர்கள்தான் ஓடிவந்து அப்பாவைத் தூக்கினார்கள், அதையும் சொல்ல வேண்டும். அவ்வளவு தாழ்வான சீட்டில் அவரைப் படுக்கிறாற்போல் சாய்த்து உட்காரவைக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். தலைவர்தான் பெல்ட் போட்டுவிட்டார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இடம் இல்லை.

"நீ போ, நான் பின்னாடி வரேன்" என்றாள்.

மெயின் ரோடு அடைத்துக்கிடந்தது. முன்விளக்கைப் போட்டேன், ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. அப்பா சாய்ந்து கிடந்ததால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிந்தது மஞ்சள் காரும் ஹாரனும் நானும்தான். ஓர் ஆட்டோ வேண்டுமென்றே குறுக்கே நின்றது. ஒரு பைக்காரன் பக்கத்தில் வந்து கட்டைவிரலைக் காட்டி முறுக்கினான்.

நோயாளியை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணியை ஆட்டிக்கொண்டு போவார்கள், பார்த்தவர்கள் ஒதுங்குவார்கள். இந்த ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் தோளிலிருந்து துண்டை எடுத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஜன்னலுக்கு வெளியே ஆட்டினேன். பக்கத்து பஸ்ஸில் நின்றவர்கள் குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் "ஊ..." என்று கூவினான். முன்னால் போன காரிலிருந்து ஒருவன் போனை நீட்டிப் படம் பிடித்தான். "ரீல்ஸ் எடுக்கறா மச்சா" என்று யாரோ தமிழில் சொன்னது தெளிவாகக் கேட்டது. பேஷண்ட், பேஷண்ட் என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் இன்ஜின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

அப்பா கண்ணைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே துண்டைப் பார்த்தார், சிரிப்பவர்களைப் பார்த்தார். என் முழங்கையைத் தொட்டார்.

"உள்ள எடும்மா. தப்பா நெனப்பாங்க" என்றார்.

துண்டை உள்ளே எடுத்து அவர் மடியில் வைத்தேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

ஆஸ்பத்திரி வளாகத்தில் காவலாளி கையைக் குறுக்கே நீட்டி, "மேடம், பார்வையாளர் பார்க்கிங் அந்தப் பக்கம்" என்றார். அவருக்குப் பின்னால், எமர்ஜென்சி வாசலில், தலைவிரிகோலமாக நின்றுகொண்டிருந்தாள் அம்மா. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளால் எங்களுக்கு முன்பே இங்கே எப்படி வர முடிந்தது? அவள் காவலாளியைத் தள்ளிவிட்டு, "என் வூட்டுக்காரரு, என் வூட்டுக்காரரு" என்று ஓடிவந்தாள். ஸ்ட்ரெச்சரைக்கூட அவள் அதற்குள் கேட்டு வாங்கி வைத்திருந்தாள்.

நாங்கள் கிளம்பிய பிறகுதான் தலைவர் மெயின் ரோட்டுக்கு ஓடி ஓர் ஆட்டோவை மறித்து அம்மாவை ஏற்றி அனுப்பியிருக்கிறார். அவள் முந்தானையை வெளியே பிடித்துக்கொண்டு அழுதபடி வந்தாளாம். வழியெல்லாம் ஜனங்கள் ஒதுங்கினார்களாம். ஒரு பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திக் கையைக் காட்டினாராம், ஒரு பைக்காரன் முன்னால் போய் வழி ஏற்படுத்திக் கொடுத்தானாம். எங்களுக்குப் பின்னால் கிளம்பியவள், எங்களுக்காகக் காத்திருந்தாள்.

அப்பா அன்று மதியத்துக்கு முன்பே போய்விட்டார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். "அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார். பிழைத்திருப்பார் என்று சொல்லியிருந்தாலும், பிழைத்திருக்கமாட்டார் என்று சொல்லியிருந்தாலும் தேவலை.

சாவு வீட்டில் எதிர்வீட்டு அத்தை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "அவ்ளோ ஸ்பீடு வண்டி வெச்சுனு இன்னா பிரயோஜனம்? பெத்தவருக்கு ஒதவல." சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு தலைவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அம்மா அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் தரையைப் பார்த்தபடி, "இனிமே வண்டிய நம்ம தெருவுலயே நிறுத்திக்கம்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார், எனக்குத் தெரியும். அம்மாதான் பதில் சொன்னாள்.

"இனிமே யாரக் கூட்டினு போறதுக்குண்ணா?"

அவர் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். கார் இன்னும் மரக்கடையில்தான் நிற்கிறது.